ஒட்டவும் வேண்டும், உரியவும் வேண்டும்
வாழ்த்து மடல் செய்வோர் மறைப்புத் தாளைத் தெரிவு செய்வது எப்படி?

கண்டி நகரிலிருந்து பேராதனையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால், வீதியோரமாக ஒரு சிறு மண்டபம் உண்டு. வாரத்தில் மூன்று நாட்கள் சில பெண்கள் அங்கு கூடி வாழ்த்து மடல்கள் செய்கின்றனர். இவர்கள் எல்லோரும் மண்ணை நம்பி வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் வன்னியில் வயலையும் கிணற்றையும் விட்டு வந்தவர்கள். சிலர் மண்சரிவில் வீட்டோடு மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்கள். ஒருவருடைய பெற்றோர், 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது தெல்தெனியப் பக்கத்தில் இருந்த காணியை விட்டு எழுந்தவர்கள். அந்த அணை 1985 இல் திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் இன்றும் நீருக்கு அடியில் இருக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றினால்தான் அதன் இடிபாடுகள் கண்ணுக்குத் தெரியும்.

மண்வெட்டி பிடித்த இந்தக் கைகள் இப்போது றப்பர் முத்திரையும் கத்தரிக்கோலும் பிடிக்கின்றன. கைகள் பழகிக்கொண்டன. ஆனால் ஒரு சிறு பொருள் எம் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. அது ஒரு சுருள் ஒட்டுநாடா. அந்தக் கதையையும், அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டவற்றையும் இங்கு எழுதுகிறோம். உங்கள் கிராமத்திலும் முகாமிலும் இத்தொழிலைத் தொடங்க எண்ணுபவர்கள் அதே பிழையைச் செய்யாதிருக்க இது உதவலாம்.

எமது பிழை

ஒரு கார்த்திகை மாதம், நத்தார் மடல்கள் 200 செய்து தரும்படி ஒரு வேலை கிடைத்தது. மடலின் முன்பக்கத்தில் ஒரு யானை, அதன் பின்னால் தென்னைகள், மேலே நட்சத்திரம். யானைக்குப் பின்னால் தென்னை நிற்பது போலத் தெரிய வேண்டுமானால், யானையை முதலில் பதித்து, அதை மூடி மறைத்துவிட்டுத் தென்னையைப் பதிக்க வேண்டும். அதற்கு மறைப்பு வேண்டும். ஓரங்களில் நேரான வெள்ளைக் கரை விடுவதற்கும் மறைப்பு வேண்டும்.

பெயின்ட் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் போதும் என்று சொன்னவர்கள் நாமே. ஹாட்வெயார் கடையில் விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியவர்களும் நாமே. மறைப்புகளை ஒட்டிப் பாதி வேலை முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் நின்றது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

மறுநாள் காலை முதலாவது டேப்பை உரித்த பெண் பதறிப்போனார். “மிஸ், பேப்பரு தோலோட வந்துருச்சே!” என்றார். டேப்புடன் சேர்ந்து யானையின் முதுகும் மடலின் மேற்பரப்பும் ஒன்றாக உரிந்து வந்திருந்தன. அடுத்த மடலும் அப்படியே. ஒட்டி வைத்தவற்றில் பெரும்பகுதி பழுதாகிவிட்டது.

மடல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வேலை இது. தை மாதம் பாடசாலை தொடங்கும்போது கொப்பியும் சப்பாத்தும் வாங்கலாம் என்று அந்தப் பணத்தை ஒரு தாய் மனதில் எண்ணி வைத்திருந்தார். பிழை எம்முடையது என்பதால் பழுதான மடல்களுக்கும் கூலி கொடுப்பது என்று தீர்மானித்தோம். ஆனால் குழுவின் சிறு நிதி அதில் கரைந்தது. குறித்த நாளுக்குள் மடல்களை முடிக்க முழுக் குழுவும் இரண்டு இரவு விழித்திருக்க நேர்ந்தது.

அந்த இரவுகளில் வன்னியிலிருந்து வந்த ஒரு மூத்த தாய், மிஞ்சிய மடல்களைத் தாமே எடுத்து உரிக்கத் தொடங்கினார். “உதை இப்பிடிப் பறிச்சு இழுக்கக் கூடாது பிள்ளை. நாத்துப் பிடுங்கிற மாதிரி, வேர் அறாமல் மெல்லமா எடுக்கோணும்” என்றார். அவர் உரித்த மடல்களில் பல தப்பின. கைப்பக்குவம் பாதி, பொருள் பாதி என்பது எமக்கு அன்றுதான் விளங்கியது.

மறைப்பு என்றால் என்ன?

மறைப்பு என்பது நிறம் படக்கூடாத இடத்தைச் சிறிது நேரம் மூடி வைப்பது. இது புதிய வித்தையல்ல. கண்டியில் பத்திக் துணி செய்யும் இடங்களைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். துணியில் நிறம் ஏறக்கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசுகின்றனர். மெழுகு உள்ள இடத்தில் சாயநீர் புகாது. பிறகு துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகை எடுத்துவிடுகின்றனர். மெழுகுதான் அங்கே மறைப்பு.

கடதாசியைக் கொதிநீரில் இட முடியாது. ஆகவே கடதாசிக்கு வேறு மறைப்புத் தேவை. அதற்கு மூன்று குணங்கள் வேண்டும். முதலாவது, முத்திரையைப் பதிக்கும்போது நழுவாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது, ஓரத்தால் மை உள்ளே கசியக்கூடாது. மூன்றாவது, வேலை முடிந்ததும் கடதாசியின் இழையைப் பிய்க்காமலும் பசையை விட்டுச் செல்லாமலும் வந்துவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் ஒட்டு வேண்டும். மூன்றாவதற்கு ஒட்டு குறைவாக இருக்க வேண்டும். இந்த இழுபறியில்தான் தெரிவு இருக்கிறது.

கடதாசி என்பது சிறு நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் படிந்த ஒரு பாய். டேப்பின் பசை மேல் நாரைப் பிடித்திருக்கும் வலு, அந்த நார் கீழ் நாரைப் பிடித்திருக்கும் வலுவிலும் அதிகமானால் நார் கழன்று வரும். பசையின் பிடியும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஒட்டிய உடனே அது மேற்புறத்தில் மட்டும் தொட்டிருக்கும். நேரம் போகப் போக மெல்ல இளகி நார்களுக்கிடையே இறங்கும். வெயிலும் சூடும் அதை விரைவாக்கும். ஈரம் கடதாசியின் நார்களைத் தளர்த்திவிடும். எமது மடல்கள் ஓர் இரவு முழுவதும், அதுவும் மழைக்கால ஈரத்தில், டேப்புடன் கிடந்தன. இரண்டு பக்கத்தாலும் அடி விழுந்தது.

மற்றவர்களும் இதே இடத்தில் இடறினார்கள்

எமக்கு நேர்ந்தது பெரிய தொழிற்சாலைகளிலும் நேர்ந்ததுதான். 1920களில் அமெரிக்காவில் இரு நிறக் கார்கள் பிரபலமாயின. ஒரு நிறத்தை அடிக்கும்போது மற்றப் பகுதியைப் பழைய பத்திரிகைத் தாளாலும் பசையாலும் மூடினார்கள். தாளை எடுக்கும்போது புதிய பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்தது. இதைப் பார்த்த 3எம் நிறுவனத்தின் இளம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ என்பவர், எளிதில் உரியக்கூடிய கடதாசி டேப்பை 1925 இல் உருவாக்கினார். அதுவே மாஸ்கிங் டேப்பின் தொடக்கம். அது கார் பெயின்டுக்காகப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். கடதாசி மடலுக்காக அது பிறக்கவில்லை.

அதே நிறுவனத்தில் 1968 இல் ஸ்பென்சர் சில்வர் என்னும் இரசாயனவியலாளர் வலுவான பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ வலுக்குறைந்த பசை. கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக அது இருந்தது. உருண்டை ஒவ்வொன்றும் தாளை ஒரு சிறு புள்ளியில் மட்டும் தொடும். அதனால் ஒட்டும், இழுத்தால் வந்துவிடும், மீண்டும் ஒட்டும். அதற்கு என்ன பயன் என்று பல ஆண்டுகள் எவருக்கும் தெரியவில்லை. அவருடன் வேலை செய்த ஆர்ட் ஃப்ரை ஆலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. 1974 அளவில் அவருக்கு அந்தப் பசை நினைவுக்கு வந்தது. இன்று எல்லாப் புத்தகக் கடைகளிலும் கிடைக்கும் மஞ்சள் நிற ஸ்டிக்கி நோட் அப்படித்தான் பிறந்தது. 1980 இல் அது அமெரிக்கா எங்கும் விற்பனைக்கு வந்தது.

மூன்றாவது கதை ஜப்பானுடையது. அங்கு குராஷிகி நகரில் 1923 இல் ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்யத் தொடங்கிய கமோய் என்னும் நிறுவனம், பின்னர் கட்டடப் பெயின்ட் வேலைக்கு மெல்லிய கடதாசி டேப் செய்து வந்தது. அதைக் கைப்பணிக்குப் பயன்படுத்திய மூன்று பெண்கள் 2006 இல் அந்தத் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள், இன்னும் பல நிறங்களில் செய்து தர முடியுமா என்றும் கேட்டார்கள். அதன் பயனாக வந்ததே இன்று உலகெங்கும் வாஷி டேப் என்று விற்கப்படும் அழகு டேப். பொருளைக் கையில் பிடித்து வேலை செய்பவர் சொல்லும் சொல்லுக்குத் தொழிற்சாலையும் செவி சாய்க்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தோம்

நத்தார் முடிந்த பின் குழுவினர் மண்டபத்தில் கூடி, கண்டிக் கடைகளில் கிடைத்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். நாம் கண்டவை இவை.

ஒட்டு இல்லாத மெல்லிய தாள்: இதற்குச் செலவே இல்லை. மறைப்பை மடலின் மேல் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு பதிக்கலாம். கடதாசிக்கு எந்தச் சேதமும் வராது. ஆனால் முத்திரையை எடுக்கும்போது மையின் ஈரத்தால் மறைப்பு முத்திரையுடன் எழும்பி நகரும். சில மடல்களுக்குப் போதும், நூற்றுக்கணக்கான மடல்களுக்குப் போதாது. பழைய பத்திரிகைத் தாளை இதற்கு எடுக்க வேண்டாம். அதன் மை மடலில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டிக்கி நோட்: எமது வேலைக்கு இதுவே முதலிடம் பெற்றது. தாள் மெல்லியது, பசை மிதமானது. ஒரே மறைப்பைப் பல மடல்களுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். குறை ஒன்றுதான். பசை ஓர் ஓரத்தில் மட்டும் பட்டையாக இருக்கும். ஆகவே உருவத்தின் பெரும்பகுதி அந்தப் பட்டைக்கு நேராக வரும்படி பதித்து வெட்ட வேண்டும். உருவம் பெரிதானால் இரண்டு தாள்களை எதிரெதிராக வைத்து இரு பக்கமும் பசை வரும்படி செய்யலாம். மிக மலிவான வகைகளில் பசை சரியாக இருப்பதில்லை. ஒரு கட்டு வாங்கிப் பார்த்த பின்பே மொத்தமாக வாங்குங்கள்.

சாதாரண மாஸ்கிங் டேப்: இதைப் பற்றிச் சொல்லிவிட்டோம். ஆயினும் கையில் இருப்பதை வீச வேண்டாம். டேப்பை முதலில் சுத்தமான பருத்தித் துணியில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுங்கள். துணியின் பஞ்சு பசையில் படிந்து ஒட்டுக் குறையும். அதன் பின் ஓரக் கரைக்குப் பயன்படுத்தலாம். ஒட்டிய சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். பழைய சரக்கு, வெயிலில் கிடந்த சரக்கு வேண்டாம். அதன் பசை காய்ந்து மடலில் மஞ்சள் கறையாகத் தங்கிவிடும்.

நீல நிற பெயின்ட் டேப்: சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்துவது. ஒட்டு குறைவு, விலை கூட. நேரான கரைகளுக்கு நல்லது. தடித்த மட்டைகளில் சேதம் இல்லாமல் வந்தது. கையால் செய்த மென்மையான கடதாசியில் இதுவும் நாரைப் பிடுங்கியது.

வாஷி டேப்: ஒட்டு மிதமானது, மெல்லியது, ஓரத்தில் மை கசிவதும் குறைவு. அகலம் சிறிது என்பதால் உருவங்களை மூட உதவாது. நேர் கோடுகளுக்கும் சதுரங்களுக்கும் ஏற்றது. அச்சிட்ட பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். வாஷி என்ற பெயரில் பிளாஸ்டிக் டேப்பும் விற்கப்படுகிறது. கையால் கிழித்துப் பாருங்கள். கடதாசி போலக் கிழிந்தால் அது கடதாசி.

செலோடேப்: வேண்டவே வேண்டாம். அது உரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கோதுமை மா பசை: வெசாக் கூடு ஒட்டவும் பட்டம் ஒட்டவும் இதைவிட நல்ல பசை இல்லை. ஆனால் காய்ந்தால் உரியாது. மறைப்புக்கு உதவாது, மடலில் பூவையும் இலையையும் நிரந்தரமாக ஒட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுதிரித் துண்டு: வெள்ளை மெழுகுதிரியால் மடலில் கோலம் கீறி, அதன் மேல் நீர் கலந்த நிறத்தைப் பூசினால் மெழுகு உள்ள இடம் வெள்ளையாக நிற்கும். பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். மெழுகு கடதாசியிலேயே தங்கிவிடும் என்பதால் அதன் மேல் பிறகு எதையும் பதிக்க முடியாது.

எமது மண்ணின் மறைப்பு: றப்பர் பால்

நீர் நிறத்தால் படம் தீட்டுபவர்கள் மறைப்புத் திரவம் என்று ஒரு சிறு போத்தல் வாங்குகிறார்கள். விலை அதிகம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் அமோனியா கலந்த இயற்கை றப்பர் பால்தான். கேகாலைப் பக்கம் போகும்போது சிரட்டைகளில் நாம் காணும் அதே பால்.

றப்பர் மரம் எமது நாட்டுக்கு வந்த கதைக்கும் கண்டிக்கும் தொடர்பு உண்டு. பிரேசிலில் சேகரித்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, ஏறக்குறைய 1,900 நாற்றுகள் 1876 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அப்போது பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர்களே அவற்றை ஏற்று, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டு வளர்த்தனர். மண்டபத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் அந்தப் பூங்காவைக் கடந்துதான் எமது பெண்கள் வேலைக்கு வருகிறார்கள்.

மரத்திலிருந்து எடுத்த பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். அமோனியா சேர்த்தால் உறையாமல் நிற்கும். ஆனால் அமோனியாவின் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். ஆகவே வீட்டில் இதைக் கலக்க முயல வேண்டாம். சிலருக்கு றப்பர் பால் தோலில் பட்டாலே தடிப்பும் அரிப்பும் வரும். அப்படிப்பட்டவர்கள் இதைத் தொடக்கூடாது. வேலைக்குத் தேவையென்றால் கடையில் விற்கும் சிறு போத்தலே பாதுகாப்பானது.

பயன்படுத்தும் முறை இது. தூரிகையை முதலில் சவர்க்கார நீரில் தோய்த்தெடுங்கள். இல்லாவிட்டால் பால் மயிர்களில் உறைந்து தூரிகை பாழாகும். கடதாசி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பூசிய பால் முழுவதும் காய்ந்த பின்னரே நிறம் பூசுங்கள். நிறமும் காய்ந்தபின் விரலால் உருட்டி எடுங்கள். காய வைக்க வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்க வேண்டாம், நாட்கணக்கில் விடவும் வேண்டாம். கட்டியான நீர் நிறக் கடதாசியில் இது அழகாக உரிந்து வரும். மையை உறிஞ்சும் கையாற் செய்த கடதாசியில் பால் நார்களுக்குள் இறங்கிக் கடதாசியையே கிழித்துவிடும்.

மடலில் தங்கிய பசையை எடுப்பதற்கும் றப்பரே உதவும். கிரேப் றப்பர் துண்டு ஒன்றால் மெதுவாகத் தேய்த்தால் பசை அதில் உருண்டு ஒட்டிக்கொண்டு வரும். வெளிநாட்டில் இதைச் சிறு கட்டியாக வெட்டி ஓவியப் பொருள் கடைகளில் விற்கிறார்கள். வெளிர் கிரேப் றப்பருக்கு உலகில் பெயர் பெற்ற நாடு இலங்கை. அறிந்தவர்களிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் றப்பர் சொலூசனை மெல்லப் பூசிக் காயவிட்டால் அதுவும் உரியும் ஒட்டாகும் என்று ஒரு தம்பி சொன்னார். செய்து பார்த்தோம். ஒட்டியது, உரிந்தது, ஆனால் வெளிர் கடதாசியில் கறை வைத்தது. அதன் ஆவி தலைச்சுற்றலைத் தரும், தீயும் எளிதில் பற்றும். அடுப்பும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்குள் இது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டோம்.

யானைக்குப் பின்னால் தென்னை: செய்முறை

1. முன்னால் நிற்க வேண்டிய உருவத்தை முதலில் மடலில் பதியுங்கள். எமது உதாரணத்தில் அது யானை. மை நன்றாகக் காய விடுங்கள். பளபளப்பான மட்டையானால் அதிக நேரம் எடுக்கும்.

2. அதே யானையை ஸ்டிக்கி நோட் தாளில், பசைப் பட்டைக்கு நேரே பதியுங்கள்.

3. கோட்டின் மேலேயே, அல்லது மயிரிழை உட்பக்கமாக வெட்டி எடுங்கள். வெளிப்பக்கம் விட்டு வெட்டினால் யானையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். தடித்த தாளாலும் இந்த வளையம் வரும். மறைப்பு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

4. மடலில் உள்ள யானையின் மேல் மறைப்பைச் சரியாகப் பொருத்தி, ஓரங்களை விரலால் ஒருமுறை நீவி விடுங்கள்.

5. தென்னை முத்திரையைப் பாதி மறைப்பின் மேலும் பாதி மடலின் மேலும் விழும்படி நேராக அழுத்துங்கள். ஆட்ட வேண்டாம்.

6. மறைப்பின் மேல் உள்ள ஈர மையைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் அது அடுத்த மடலில் கறையாகும்.

7. மறைப்பை ஓர் ஓரத்தில் தூக்கி, மடலோடு படிந்தவாறே பின்னோக்கி மடித்து, மெதுவாக இழுத்து எடுங்கள். மேல் நோக்கிப் பறிக்க வேண்டாம். அடுத்த மடலுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

முத்திரைகளையும் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தேய்ந்த பாட்டா செருப்பின் அடிப்பகுதியை வெட்டி மரத்துண்டில் ஒட்டி எமது பெண்கள் தாமே செய்கிறார்கள். நுட்பமான கோடுகள் வராது, ஆனால் யானையும் இலையும் நட்சத்திரமும் நன்றாக வரும். வாழைத்தண்டையும் வெண்டிக்காயையும் குறுக்கே வெட்டி மையில் தொட்டுப் பதித்தால் பூக்கள் கிடைக்கும்.

வாங்குமுன் ஒரு சோதனை

எந்த மறைப்பையும், எந்தக் கடதாசியையும் நம்புமுன் இந்தச் சிறு சோதனையைச் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே கடதாசியில் ஒரு துண்டை எடுங்கள். அதில் சிறிது மையைப் பதித்துக் காயவிடுங்கள். சோதிக்கும் மறைப்பில் மூன்று துண்டுகள் வெட்டி, மை உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் படும்படி ஒட்டுங்கள். ஒன்றை ஐந்து நிமிடத்தில் எடுங்கள். இன்னொன்றை ஒரு மணி நேரத்தில் எடுங்கள். மூன்றாவதை மறுநாள் காலையில் எடுங்கள். ஒவ்வொரு முறையும் மறைப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் பஞ்சு போல வெள்ளையாக ஏதும் ஒட்டியிருந்தால் அது கடதாசியின் தோல். ஐந்து நிமிடத்திலேயே அது தெரிந்தால் அந்த மறைப்பு அந்தக் கடதாசிக்குப் பொருந்தாது. மறுநாள் மட்டும் தெரிந்தால், அன்றன்றே எடுத்துவிடுவது என்ற ஒழுங்குடன் பயன்படுத்தலாம்.

விதை நெல்லை முளை கட்டிப் பார்த்துத்தானே விதைப்போம்? இதுவும் அதுபோலத்தான். அன்று இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஒரு துண்டுக் கடதாசிதான் பழுதாகியிருக்கும்.

கடதாசியையும் கவனித்துத் தெரிவு செய்யுங்கள். கேகாலையில் 1997 இல் தொடங்கிய மக்சிமஸ் நிறுவனம் யானை இலத்தியின் நாரிலிருந்து கடதாசி செய்து உலகப் பெயர் பெற்றது. அத்தகைய கைக் கடதாசிகள் பார்க்க அழகானவை, சுற்றுலாப் பயணிகள் விரும்புபவை. ஆனால் மேற்பரப்பு மென்மையாகவும் நார் தளர்வாகவும் இருப்பதால் ஒட்டும் மறைப்பு எதுவும் ஆபத்தானது. அங்கே ஒட்டில்லாத தாளை வைத்து, மேலே ஒரு சிறு பாரம் வைத்துப் பதிப்பதே நல்லது. அல்லது சாதாரண வெள்ளை மட்டையில் படத்தைப் பதித்து வெட்டி, அதைக் கைக் கடதாசி மடலில் ஒட்டலாம். எமது குழு இப்போது அப்படித்தான் செய்கிறது. பழுதானால் ஒரு சிறு மட்டைத் துண்டுதான் போகும், விலை கூடிய மடல் போகாது.

கணக்குப் போடும்போது

பொருளின் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு மறைப்பு எத்தனை மடலுக்கு வரும், அதனால் எத்தனை மடல் பழுதாகும் என்று பாருங்கள். விலை குறைந்த டேப் எமக்குப் பழுதான மடல்களையும் இரண்டு இரவுத் தூக்கத்தையும் விலையாகக் கேட்டது. வேலை ஒன்றை ஏற்கும்போது, கேட்ட தொகைக்கு மேல் சில மடல்களுக்குக் கடதாசி எடுத்து வையுங்கள். அந்தச் செலவையும் விலையில் சேருங்கள். பழுதுக்கு யார் பொறுப்பு, கூலி உண்டா இல்லையா என்பதை வேலை தொடங்குமுன் குழுவில் பேசி எழுதி வையுங்கள். பிழை நேர்ந்த பின் பேசினால் மனம் நோகும்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று பலர் வாழ்த்துகளைத் தொலைபேசியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். மடல் விற்பனை முன்போல இல்லை. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கண்டிக்கு வரும் பயணிகள் கைவேலைப் பொருள்களைத் தேடுகிறார்கள். எசல பெரஹரா நடைபெறும் நாட்களில் நகரமே நிறைந்திருக்கும். திருமண அழைப்பிதழ், ஆலய விழா மடல், கடைகளுக்கான பரிசுப் பைகள், விலைச் சீட்டுகள் என்று றப்பர் முத்திரைக்கும் மறைப்புக்கும் வேலை இருக்கிறது. வாங்குபவர் மடலைத் திருப்பி ஓரத்தைப் பார்ப்பார். ஓரம் சுத்தமாக இருந்தால் மறுபடி வருவார்.

மடல் செய்வது வயலுக்கு ஈடாகாது. வன்னியிலிருந்து வந்த அந்தத் தாய் ஒவ்வொரு மழைக்கும் வாசலில் வந்து நின்று மண் மணக்கிறதா என்று பார்க்கிறார். காணி திரும்பக் கிடைக்க வேண்டும், அல்லது வேறு காணி கிடைக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை. அந்த நாள் வரும்வரை அடுப்பு எரிய வேண்டும், பிள்ளை பாடசாலைக்குப் போக வேண்டும். அதற்கு இந்தச் சிறு வேலை கை கொடுக்கிறது. மாசியில் அதே குழு இன்னொரு வேலையை ஏற்று, ஸ்டிக்கி நோட் மறைப்புடன், குறித்த நாளுக்கு முதல் நாளே முடித்துக் கொடுத்தது. பழுதான மடல்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். கொப்பியும் சப்பாத்தும் பிந்தியே வந்தன, ஆனால் வந்தன.

நினைவில் வைத்திருக்க

– புதிய மறைப்பு, புதிய கடதாசி எதுவானாலும் முதலில் சோதனை.
– மறைப்பு மெல்லியதாகவும் ஒட்டுக் குறைந்ததாகவும் இருக்கட்டும்.
– மை காய்ந்த பின் மறைப்பு. வேலை முடிந்த உடனே உரிப்பு.
– மறைப்பை ஒட்டியபடி இரவு விட வேண்டாம். மழை நாட்களில் இன்னும் கவனம்.
– உரிக்கும்போது படிந்தவாறு பின்னோக்கி, மெதுவாக.
– டேப் சுருள்களையும் கடதாசியையும் ஈரம் படாத, வெயில் படாத பெட்டியில் வையுங்கள்.
– சொலூசன், அமோனியா போன்றவற்றை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் வேறு பொருள் எதையாவது மறைப்பாகப் பயன்படுத்தி வெற்றி கண்டிருந்தால், அல்லது எம்மைப் போலத் தோல்வி கண்டிருந்தால், எமக்கு எழுதுங்கள். சோதித்த கடதாசித் துண்டையும் கடிதத்துடன் வைத்து அனுப்புங்கள். மண்டபத்துப் பெண்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, தமக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொல்வார்கள்.